தக்காளிச் செடி பச்சையாகவே வாடுகிறது, என்ன மருந்து விடலாம்?

பாலக்கோடு_மேட்டுக்காடு
எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். ஒன்றரை ஏக்கர் தக்காளி, மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர். முதல் பறிப்பு ஆரம்பிக்கிற நேரம். போன வாரம் ஒரு கோடை மழை நன்றாகப் பெய்தது, அதிலிருந்து அங்கங்கே செடி வாடுகிறது. காலையில் நிமிர்ந்து நிற்கிறது, பதினொரு மணி வெயிலில் தொங்கிவிடுகிறது, இரண்டு மூன்று நாளில் எழுந்திருப்பதே இல்லை. இலை மஞ்சளாகவில்லை, பச்சையாகவே காய்கிறது.

மருந்துக்கடையில் செடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பூஞ்சாண மருந்து ஒன்று, வேருக்கு விட டானிக் ஒன்று, கூடவே குருணை மருந்து. எல்லாம் போட்டாச்சு, நிற்கவில்லை. முதலில் கிழக்கு மூலையில்தான் இருந்தது. இப்போது மழைத்தண்ணீர் ஓடின வழியிலேயே கீழ் வரிசைகளுக்கும் இறங்கிவிட்டது. நாலு வருடமாக இதே காட்டில் தக்காளிதான், நடுவில் ஒருமுறை கத்தரி. நிலம் குத்தகை. என்ன மருந்து விடலாம், சொல்லுங்க.

கிணத்துக்கடவு_தக்காளி
காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து வேரில் ஊற்றிப் பாருங்க. எங்கள் பக்கம் அதுதான் செய்வோம். படம் இருந்தால் போடுங்க.

இயற்கை_வழி
நாலு வருடம் ரசாயனம் கொட்டின மண் வேறு என்ன செய்யும்? எல்லா மருந்தையும் இன்றைக்கே நிறுத்துங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் (சாணம், கோமியக் கரைசல்) பாசனத் தண்ணீரோடு விடுங்கள். மண்ணில் உயிர் வந்தால் நோய் தானே போகும்.

ஓய்வுபெற்ற_தோட்டக்கலை
தம்பி, மருந்து பேர் அப்புறம். வாடல் என்று நாம் சொல்வது ஒரே நோய் இல்லை. பாக்டீரியாவும் செய்யும், பியூசேரியம் பூஞ்சாணமும் செய்யும், வேரைத் தாக்கும் நூற்புழுவும் செய்யும். கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். எது என்று தெரியாமல் ஊற்றுகிற காசு மண்ணுக்குள்தான் போகும்.

இரண்டு சோதனை செய்யுங்கள், செலவு கிடையாது. பாதி வாடிய செடி ஒன்றை எடுங்கள். முழுக்கக் காய்ந்த செடி வேண்டாம், அதில் தெரியாமல் போகலாம். தரையை ஒட்டித் தண்டை அறுத்து, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்குங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, துண்டின் கீழ்முனை மட்டும் தண்ணீரில் படுகிற மாதிரி ஒரு கம்பியில் மாட்டித் தொங்கவிடுங்கள். டம்ளரை ஆட்டக்கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். சில நிமிடத்திலேயே வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக இழை இழையாகக் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா. பியூசேரியத்தில் அப்படி இறங்காது. அதில் அடி இலை முதலில் மஞ்சளாகும், பல நேரம் செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடும்.

இரண்டாவது, வேர். செடியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் மெல்லிய வேரெல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. மண்வெட்டியால் சுற்றி வெட்டி மண்ணோடு தூக்கி, ஒரு பக்கெட் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வாடின செடி ஒன்று, வாடாத செடி ஒன்று, இரண்டையும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிணத்துக்கடவு_தக்காளி
ஐயா சொல்வது சரி. நான் அவசரப்பட்டு டோஸ் எழுதிவிட்டேன்.

பாலக்கோடு_மேட்டுக்காடு
ஐயா, பார்த்தேன். டம்ளரில் வைத்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தோம், வீட்டுக்காரிதான் "இந்தா இறங்குது பாரு" என்றாள். நூல் மாதிரி வெள்ளையாக இறங்கி அடியில் கலங்கிவிட்டது. வேரையும் அலசினேன். வாடின செடியில் மிளகு அளவுக்கு முடிச்சு முடிச்சாக இருக்கிறது, சில இடத்தில் வேரே தடித்துக் கோணலாகிக் கிடக்கிறது. நன்றாக நிற்கிற செடியிலும் முடிச்சு இருக்கிறது, கொஞ்சம் குறைவு. அப்போ எனக்கு இரண்டு நோயா?

ஓய்வுபெற்ற_தோட்டக்கலை
இரண்டும்தான். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. வேர்முடிச்சு நூற்புழு வேரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது, அந்தத் துளை வழியாக பாக்டீரியா நுழைகிறது. நூற்புழு மட்டும் இருந்திருந்தால் செடி குன்றிப்போய், காய் சிறுத்து, எப்படியோ பறிப்பை முடித்திருக்கும். பாக்டீரியா தண்டில் நீர் ஏறுகிற குழாயை அடைத்துவிடுகிறது. அதனால்தான் இலை மஞ்சளாகக்கூட நேரமில்லாமல் பச்சையாகவே தொங்குகிறது. அது குழாய்க்குள் இருக்கிறது என்பதால், வாடிய செடியை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. ஆன்டிபயாட்டிக் பவுடர் என்று ஒன்றை யாராவது தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது நோயை அந்த மூலையிலேயே கட்டிப்போடுவது. வாடின செடியை வேர், வேர்மண்ணோடு சாக்கில் எடுத்து வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரப்பில் போட்டால் அடுத்த மழையில் அதுவே திரும்பக் காட்டுக்குள் வரும். பள்ளத்தில் பிளீச்சிங் பவுடர் தூவி மூடுங்கள். பக்கத்தில் இருக்கும் செடிகளுக்குக் காப்பர் ஊற்றலாம், பரவுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், குணப்படுத்தும் என்று நம்பாதீர்கள். அந்த வரிசைகளுக்குச் சொட்டுநீர் நேரத்தைக் குறையுங்கள், ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் இந்த பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். பறிக்கிற ஆட்களை முதலில் நல்ல பக்கம் விடுங்கள், நோய்ப் பக்கம் கடைசி. கவாத்துக் கத்தி, மண்வெட்டி, செருப்பு எல்லாவற்றிலும் அந்த மண் ஒட்டிக்கொண்டுதான் போகும்.

நோய் எட்டாத வரிசைகளுக்கு சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை விடலாம். ஆனால் காப்பர் விட்ட இடத்திலும் பிளீச்சிங் போட்ட இடத்திலும் அதே வாரத்தில் சூடோமோனாஸ் விடுவது வீண், அதுவும் பாக்டீரியாதான், செத்துப்போகும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தை விட்டுவிட்டு மறுநாள் கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இயற்கை_வழி
மறுபடியும் பிளீச்சிங், காப்பர். மண் உயிரைக் கொன்றுவிட்டு அப்புறம் உயிர் உரம் விடச் சொல்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற_தோட்டக்கலை
பள்ளத்துக்கு மட்டும்தான் சொன்னேன், காடு முழுக்க இல்லை. மண்ணில் மட்கு உரமும் நுண்ணுயிரும் வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. ஆனால் அது இரண்டு மூன்று பட்டத்தில் நடக்கிற வேலை. இவருக்கு நாளைக் காலையில் பதில் வேண்டும்.

கிளிநொச்சி_தோட்டம்
குறுக்க வாறன், மன்னிக்கவும். ஒரே நாளில எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லுறது எப்படி முடியும் எண்டு நாங்கள் இலங்கையில 2021-இல பார்த்தனாங்கள். ஏப்ரல் கடைசியில அரசாங்கம் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதிக்குத் தடை எண்டு அறிவிச்சாங்கள், நவம்பரில தாங்களே திருப்பி எடுத்தாங்கள். இடையில சேதனப் பசளை (இயற்கை உரம்) தேவையான அளவுக்குக் கிடைக்கவும் இல்லை, கிடைச்சது ஒழுங்கா மக்கவும் இல்லை. சேதன முறை பிழை எண்டு நான் சொல்லேல்ல. மண்ணுக்கு அவகாசம் குடுக்காமல் மாத்தினால் விளைச்சல்தான் விழும். தம்பி அந்த மூலையை மட்டும் முதல் பாருங்கோ.

ராயக்கோட்டை_நாற்றுப்பண்ணை
நான் குழித்தட்டு நாற்று போடுகிறவள், பாதிப் பேர் எங்களைத்தான் திட்டுவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவும் நூற்புழுவும் நாற்றிலிருந்தும் வரும். மேட்டுப்பாத்தியில் மண்ணில் வளர்த்த நாற்று என்றால் கேட்கவே வேண்டாம், நாற்றங்காலிலேயே வேரில் முடிச்சு இருக்கும். 98 குழித் தட்டில் தென்னைநார்க் கழிவில் வளர்த்தது என்றால் ஆபத்து குறைவு, அதுவும் பண்ணையைப் பொறுத்தது. பழைய தட்டைக் கழுவாமல் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், தட்டைத் தரையில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழியின் அடி ஓட்டை வழியாக வேர் தரைமண்ணைத் தொட்டால் தட்டில் வளர்த்த பலனே இல்லை. நாற்று வாங்கும்போது நாலு குழியை உருவிப் பாருங்கள் தம்பி. யாரும் பார்ப்பதில்லை, இலை பச்சையாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும், அடியில் சுருண்டு பழுப்பாகி இருக்கக்கூடாது.

வெள்ளை ஈ நுழையாதபடி வலை 40 மெஷ்ஷாவது (அங்குலத்துக்கு 40 கண்) இருக்கிறதா, இரட்டைக் கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருள் வைரஸ் நாற்றிலேயே ஏறிவிட்டால் காட்டில் வெள்ளை ஈக்கு எத்தனை மருந்து அடித்தாலும் அந்தச் செடி தேறாது.

பாலக்கோடு_மேட்டுக்காடு
அக்கா, நாற்று நான் வாங்கின இடத்தில் தட்டு தரையில்தான் இருந்தது. சரி, அது போகட்டும். இன்னொரு கேள்வி. நல்லா இருக்கிற பக்கத்தில் இலையில் கோடு கோடாக வெளுத்து, உள்ளே சின்னப் புழு. காயில் காம்பு ஒட்டி ஊசி குத்தின மாதிரி ஓட்டை. கடையில் மூன்று மருந்து ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொன்னார்கள், புழுவுக்கு ஒன்று, பேனுக்கு ஒன்று, வெள்ளை ஈக்கு ஒன்று. அடிக்கட்டுமா?

கிணத்துக்கடவு_தக்காளி
அது ஊசிப்புழு, டூட்டா அப்சொலூட்டா. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி, இந்தியாவில் 2014-இல் கண்டுபிடித்தார்கள், இப்போது எங்கும் இருக்கிறது. இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் இருந்து தின்பதால் மேலே அடிக்கிற மருந்து பாதி அதன் மேல் படுவதே இல்லை. கண்மூடித்தனமாக மூன்று மருந்து கலக்காதீங்க. எங்கள் பக்கம் சிந்தெடிக் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்து அடித்து, புழுவோடு சேர்த்து நன்மை செய்யும் பூச்சி எல்லாம் போய், செம்பேன் ஏறி நின்றது. அப்புறம் செம்பேனுக்குத் தனி மருந்து வாங்கினோம்.

இனக்கவர்ச்சிப் பொறி வையுங்க. பொறியில் ஆண் அந்துப்பூச்சி எத்தனை விழுகிறது என்று பார்த்துத்தான் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு. கோடு விழுந்த அடி இலைகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டுக் காட்டுக்கு வெளியே கொண்டுபோங்க, தாக்குதல் ஆரம்பத்தில் இருந்தால் இதிலேயே பாதி அடங்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, சாயங்காலம் அடிக்கணும். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும். மருந்து அடித்தே ஆகணும் என்றால் ஒன்று மட்டும் அடிங்க, அடுத்த முறை வேறு வகை. டப்பாவில் பேர் வேறாக இருந்தால் வகை வேறு என்று அர்த்தம் இல்லை, உள்ளே இருக்கிற மருந்தின் பேரைப் பார்க்கணும். ஒரே மருந்து நாலு கம்பெனி பேரில் வரும்.

ஓய்வுபெற்ற_தோட்டக்கலை
பறிப்பு நடக்கிறது என்றாரே. ஒவ்வொரு மருந்துக்கும் காத்திருக்க வேண்டிய நாள் லேபிளில் இருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை பறிக்கிற தக்காளியில் ஏழு நாள் காத்திருப்பு உள்ள மருந்தை அடித்தால், நடுவில் வருகிற இரண்டு பறிப்பையும் என்ன செய்வார்? மண்டிக்குத்தான் போகும். எவ்வளவு நாள் என்று படித்துவிட்டு வாங்குங்கள். கடும் விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம் போட்ட டப்பாவைப் பறிப்பு நேரத்தில் தொடவே வேண்டாம். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்துக்குக் காய்கறியில் 2005-லேயே தடை, அதற்கப்புறமும் பல வருடம் ஆட்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பாலக்கோடு_மேட்டுக்காடு
மண் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. கார அமில நிலை 5.7. மின்கடத்தும் திறன் பிரச்சினை இல்லை என்கிறார்கள். அங்ககக் கார்பன் 0.31 சதவீதம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) "மிக அதிகம்". நான் ஒவ்வொரு பட்டமும் மணிச்சத்து உள்ள டிஏபி உரம் போட்டேன்.

ஓய்வுபெற்ற_தோட்டக்கலை
இதில் உங்கள் காட்டின் கதை முழுக்க இருக்கிறது. அங்ககக் கார்பன் அரை சதவீதத்துக்குக் கீழே என்றாலே குறைவு, உங்களுடையது அதிலும் குறைவு. மணிச்சத்து அதிகம் என்றால் நாலு வருடமாக டிஏபிக்குக் கொடுத்த காசில் பாதி மண்ணில் பூட்டிக் கிடக்கிறது. கார அமில நிலை 5.7 என்றால் மண் புளித்திருக்கிறது. மண் இப்படிப் புளிப்பது அம்மோனியம் கலந்த உரத்தாலும் யூரியாவாலும் வருவதுண்டு. அமில மண்ணில் பாக்டீரியா வாடல் அதிகம். சுண்ணாம்பு போட வேண்டும். எவ்வளவு என்பது மண்ணின் தன்மையைப் பொறுத்தது, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். நடவுக்கு ஒரு மாதம் முன்னாலாவது போட்டு உழ வேண்டும், யூரியாவோடு சேர்த்துப் போடக்கூடாது.

அப்புறம், பயிரை மாற்றாமல் இது தீராது. ரால்ஸ்டோனியா தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தாக்கும், அதனால் தக்காளிக்குப் பிறகு கத்தரி போட்டதைப் பயிர் மாற்றம் என்று கணக்கில் எடுக்க முடியாது. களையாக முளைக்கிற மணத்தக்காளியிலும் அது உயிரோடு இருக்கும். கேழ்வரகு, சோளம் மாதிரி தானியம் போட வேண்டும். நூற்புழுவுக்குச் செண்டுமல்லி. அதன் வேரில் இருக்கிற பொருளே நூற்புழுவை அழிக்கும். எது எதற்கு என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், பாக்டீரியா பிடித்த கிழக்கு மூலையில் கேழ்வரகு, முடிச்சு மட்டும் இருக்கிற மேல் பக்கத்தில் செண்டுமல்லி.

பாலக்கோடு_மேட்டுக்காடு
ஐயா, சொல்வதெல்லாம் சரி. நிலம் குத்தகை. இன்னும் ஒரு வருடம்தான் பேச்சு. கேழ்வரகு போட்டால் குத்தகைப் பணமே வராது. சுண்ணாம்பு, தொழுவுரம், சணப்பு எல்லாம் என் காசில் போட்டு மண்ணைத் தேற்றினால், அடுத்த வருடம் அந்த மண்ணில் வேறு ஆள் தக்காளி போடுவார்.

ராயக்கோட்டை_நாற்றுப்பண்ணை
இதை யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். எங்களிடம் நாற்று வாங்குகிறவர்களில் நிறையப் பேர் குத்தகைக்காரர்கள். ஒரு வருடப் பேச்சில் இருக்கிறவன் மருந்துக்குச் செலவு செய்வான், மண்ணுக்குச் செய்யமாட்டான். மருந்தின் பலன் இந்தப் பறிப்பில் தெரியும், தொழுவுரத்தின் பலன் அடுத்தவனுக்குப் போகும். அவனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

இயற்கை_வழி
இந்த இடத்தில் நான் அக்காவோடு ஒத்துப்போகிறேன். நிலச்சொந்தக்காரரிடம் மண் பரிசோதனைத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் நிலத்தின் மதிப்புதானே போகிறது. பாக்டீரியா பிடித்த காடு என்று ஊரில் பேச்சு வந்தால் அடுத்த குத்தகைக்காரர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். மூன்று வருடத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள், சுண்ணாம்பும் எருவும் அவர் பங்கு, உழைப்பு உங்கள் பங்கு.

கிணத்துக்கடவு_தக்காளி
செண்டுமல்லிக்குக் கணக்கு போட்டுப் பாருங்க. ஆடியில் நட்டால் புரட்டாசி, ஐப்பசியில் பூ. ஆயுத பூஜை, தீபாவளி இரண்டும் அதில் வரும். விலை ஏறும் இறங்கும், அது தக்காளிக்கும்தான் நடக்கிறது. எல்லோரும் ஒரே சமயம் நட்டால் அடிவாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ராயக்கோட்டை_நாற்றுப்பண்ணை
அடுத்த தக்காளிக்கு ஒட்டுநாற்று யோசியுங்கள். கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுவது. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் இதற்கென்றே கத்தரி ரகங்களைப் பரிந்துரைத்திருக்கிறது, பாக்டீரியா வாடலையும் தண்ணீர் தேங்குவதையும் தாங்கும். சாதா நாற்றைவிட விலை பல மடங்கு அதிகம், ஒன்றரை ஏக்கருக்கும் வேண்டாம், நோய் வந்த பகுதிக்கு மட்டும் போதும். ஒரு விஷயம் நடவு ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லணும்: ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். நம் ஆட்கள் பழக்கத்தில் தக்காளி நாற்றைக் கழுத்து வரை புதைப்பார்கள். ஒட்டுக்கு மேலே இருக்கிற தக்காளித் தண்டு மண்ணைத் தொட்டால் அங்கே வேர் விடும், அந்த வேர் வழியாக பாக்டீரியா ஏறும், கொடுத்த காசு போச்சு. ஒட்டுக்குக் கீழே கத்தரித் தளிர் வந்தால் கிள்ளிவிடணும்.

ஒட்டு வேண்டாம் என்றால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இருக்கிறது, இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன் கருகல் மூன்றையும் தாங்கும் என்று வெளியிட்ட ஹைப்ரிட் ரகம். உங்கள் மண்டிக்காரர் அந்தக் காயை எடுப்பாரா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். நோய் தாங்கும் ரகம் என்றாலும் நூற்புழு இருக்கிற மண்ணில் தாங்கும் சக்தி குறையும்.

ஓய்வுபெற்ற_தோட்டக்கலை
நடவுக்கு முன்னால் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், கேட்டுக் கேட்டு வருவார்கள். நன்றாக மட்கின தொழுவுரம், அதில் வேப்பம்புண்ணாக்கு, ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா. நூற்புழுவுக்குப் பர்பூரியோசிலியம் என்ற பூஞ்சாணம் பவுடராகக் கிடைக்கிறது, பேசிலோமைசிஸ் என்றால் கடையில் புரியும், அதையும் சேர்க்கலாம். நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி இரண்டு வாரம் வையுங்கள், நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். காய்ந்த எருவில் தூவி அப்படியே வெயிலில் கொண்டுபோய்ப் போட்டால் பாக்கெட்டைக் கொட்டின திருப்தி மட்டும்தான். மட்காத பச்சை எரு போடாதீர்கள், வேர்ப்புழு அதோடு வரும். டிரைக்கோடெர்மா பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள், கடையில் வெயில்படுகிற அலமாரியில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த கத்திரி வெயிலில் நோய் பிடித்த கிழக்கு மூலையை மட்டும் நனைத்து, கண்ணாடி மாதிரியான பாலித்தீன் ஷீட் போட்டு ஓரத்தில் மண் அணைத்து, ஆறு வாரம் மூடி வையுங்கள். கருப்பு ஷீட் இல்லை, வெயில் உள்ளே போய் மண் சூடேற வேண்டும்.

பாலக்கோடு_மேட்டுக்காடு
நிலக்காரரிடம் பேசினேன். மூன்று வருடம் என்றதும் முதலில் முறைத்தார். ரிப்போர்ட்டைக் காட்டினேன், டம்ளர் சோதனையை அவர் எதிரிலேயே செய்து காட்டினேன். இரண்டு வருடத்துக்குச் சரி என்றார், சுண்ணாம்பு அவர் செலவு. ஆட்டுக் கிடை போட ஆள் சொல்கிறேன், கிடைக்கூலி பாதி பாதி என்றார். கிழக்கு மூலையில் கேழ்வரகு, மேல் பக்கம் செண்டுமல்லி. இருக்கிற தக்காளியில் நல்ல வரிசைகளை மட்டும் பறித்துக்கொண்டிருக்கிறேன், ஊசிப்புழுவுக்குப் பொறி வைத்தாச்சு.

ஒரு சந்தேகம் மட்டும். மேலே இருக்கிற காடு பங்காளியுடையது, அவரும் தக்காளிதான், அங்கேயும் வாடுகிறது. மழை வந்தால் தண்ணீர் என் காட்டு வழியாகத்தான் இறங்கும். அவரிடம் பேச முடியாது, பேச்சுவார்த்தை இல்லை.

கிளிநொச்சி_தோட்டம்
அப்ப மேல்வரம்பு ஓரமா ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணிய பக்கத்தால திருப்பி விடுங்கோ. உங்கட எல்லைக்குள்ளயே வெட்டுங்கோ, இல்லாட்டி அது வேற சண்டை.

ஓய்வுபெற்ற_தோட்டக்கலை
அதேதான். மழைக்கு முன்னால் வெட்டிவிடுங்கள். வெட்டின மண்ணை உங்கள் பக்கம் வரப்பாக உயர்த்திப் போடுங்கள். வாய்க்கால் கொண்டுபோய் விடுகிற இடம் உங்கள் கிணறாகவோ பண்ணைக்குட்டையாகவோ இருக்கக்கூடாது, அந்தத் தண்ணீர்தான் மறுபடியும் சொட்டுநீரில் வரும். டம்ளர் சோதனையை யாராவது பொது ஆளை விட்டுப் பங்காளிக்கும் காட்டச் சொல்லுங்கள்.